மறதி நோய் உள்ள பெற்றோர் தனியே வெளியேறி வழி தவறாமல் காப்பது எப்படி

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு முறையாவது தனியாக வெளியேறி, திரும்பும் வழி தெரியாமல் தவிக்கிறார்கள் என்பது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் சொல்லும் கணக்கு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பிள்ளைகளும் மருமக்களும் வயதான வாழ்க்கைத் துணையுமே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் அம்மாவைப் பல ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவமும், இதே நிலையில் உள்ள குடும்பங்களோடு பழகியதில் கற்றதும் இதில் கலந்திருக்கின்றன.

"எங்கள் அப்பா அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை" என்று பலர் சொல்வார்கள். முதல் முறை வெளியேறும்வரை எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில அறிகுறிகள் முன்கூட்டியே தென்படும். பத்து நிமிடத்தில் கடைக்குப் போய் வந்தவர் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். காரணம் கேட்டால் சொல்ல முடியாமல் எரிச்சல் அடைகிறார். சொந்த வீட்டிலேயே கழிவறை எந்தப் பக்கம் என்று தடுமாறுகிறார். மாலை ஆனதும் நிலைகொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார். முப்பது ஆண்டுகளாக வாழும் வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கீழே சொல்லும் ஏற்பாடுகளைத் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோன பிறகும், ஊரிலிருந்து பெற்றோரை நகரத்துக்கு அழைத்து வந்த பிறகும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும், மூன்று பிள்ளைகளின் வீட்டில் மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும்போது வீடு மாறும் ஒவ்வொரு முறையும், முதல் சில நாட்கள் மிகுந்த கவனம் தேவைப்படும் நாட்கள்.

எதற்காகப் புறப்படுகிறார் என்று கண்டறிதல்

பூட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காரணமின்றித் திரிவதாகத் தோன்றினாலும், புறப்படுபவருக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனதாக இருக்கலாம்; அவர் மனத்தில் அது இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை. ஆலையில் ஷிப்ட் பார்த்தவர் ஷிப்ட் நேரத்துக்குப் புறப்படுவார். மாடு வளர்த்தவர் பொழுது சாயும்போது மாட்டைப் பிடித்துக் கட்டக் கிளம்புவார். விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டே பழகிய அம்மா, வீட்டார் எல்லோரும் உறங்கும் நாலரை மணிக்குக் கதவைத் திறப்பார்.

என் அம்மா பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிளம்புவார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கையில் ஒரு சிறிய துண்டையும் எடுத்துக்கொண்டு, "பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டிருக்கும்" என்பார். அந்தப் பிள்ளைகள் நாங்கள்தான். "நாங்க எல்லாம் பெரியவங்க ஆயிட்டோம்மா" என்று விளக்கியபோதெல்லாம் அவர் பதற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் ஏதோ பேசிக்கொண்டிருப்பதாகவே அவருக்குப் பட்டது. பிறகு மூன்றேகாலுக்கே யாராவது ஒருவர் அவருடன் தெருமுனை வரை நடந்து, அங்கே சிறிது நேரம் நின்று, "இன்னைக்குச் சித்தப்பா கூட்டிட்டு வந்துட்டாராம்" என்று சொல்லித் திரும்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். அந்த நடை முடிந்தால் மாலை முழுவதும் அமைதியாக இருப்பார். பொய் சொல்லலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அவர் இருக்கும் காலத்தில் நின்று அவர் கவலையைத் தீர்ப்பதுதான் இங்கே முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இதைக் கண்டறிய ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். அவர் வாசலை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் நேரம், அதற்கு முன் நடந்தது, அவர் சொன்ன வார்த்தை, எதைச் செய்ததும் தணிந்தார் என்ற நான்கையும் இரண்டு வாரம் எழுதி வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு குறிப்பிட்ட நேரமோ ஒரு குறிப்பிட்ட தூண்டுதலோ பிடிபட்டுவிடும். தூண்டுதல் பல நேரங்களில் உடல் சார்ந்ததாக இருக்கும்: சிறுநீர் முட்டுகிறது, கழிவறை எங்கே என்று தெரியவில்லை, பசிக்கிறது, கேட்கத் தெரியவில்லை, மலச்சிக்கல், மூட்டு வலி, புழுக்கம், கூடத்தில் சத்தமாக ஓடும் டிவி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிவறைக்கு அழைத்துச் செல்வதும், அதன் கதவை எப்போதும் திறந்து வைத்து இரவில் அங்கே ஒரு விளக்கு எரிய விடுவதும் எத்தனையோ வீடுகளில் இரவு நேர வெளியேற்றத்தைக் குறைத்திருக்கின்றன. மாலையில் வெளிச்சம் மங்கும்போது பலருக்குக் குழப்பம் கூடும். பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டு விளக்குகளை ஏற்றி, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, காய்கறி ஆய்வது, பூத் தொடுப்பது, துணி மடிப்பது என்று கைக்கு ஒரு வேலையைக் கொடுத்து அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போகணும்" என்பவரிடம் "இதுதான் உங்க வீடு" என்று வாதாடுவதால் பயனில்லை. அவர் கேட்பது பெரும்பாலும் தனக்குப் பழக்கமான ஒரு பாதுகாப்பை. "சரிப்பா, போகலாம், காப்பி குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்று அவர் பக்கம் சாய்ந்து, அந்த ஊரைப் பற்றி, அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றி, அவருடைய அம்மாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பல நாள் அதுவே போதும். அப்படியும் அடங்கவில்லையென்றால் கூடவே சென்று ஒரு சுற்று நடந்து, வேறு பக்கமாக வீட்டுக்கு அழைத்து வாருங்கள். புதிதாக ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்ததைப் போல உள்ளே நுழைவார். தினமும் காலையில் துணையோடு ஒரு நடை என்பதை மருந்துக்கு இணையாக மதிக்க வேண்டும். நடக்க விரும்பும் மனிதரை நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார வைத்தால், கவனிப்பு தளரும் முதல் நொடியில் எழுந்து போய்விடுவார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஓரிரு நாட்களில் திடீரெனக் குழப்பம் கூடி அலையத் தொடங்கினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை அளவு இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகிய எதுவும் முதியவர்களுக்கு இப்படிப்பட்ட குழப்பத்தை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்ய முடியும். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே மூளைக் குழப்பத்தைக் கூட்டும் தன்மை கொண்டவை. அலைவதை நிறுத்தவென்று தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுப்பது மிகத் தவறு. அது அவரை நிறுத்தாமல் தள்ளாட வைத்து, இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. அவை வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியைப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனைக்கு வசதியில்லாதவர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது.

கதவும் வாசலும்

வழக்கமான தாழ்ப்பாள் கண்மட்டத்திலோ இடுப்பு மட்டத்திலோ இருக்கும். கை பழக்கத்தில் தானாக அதைத் திறந்துவிடும். அதை விட்டுவிட்டு, கதவின் உச்சியிலோ தரையை ஒட்டியோ இன்னொரு கொண்டியைப் பொருத்தினால், மறதி நோய் உள்ளவர்களில் பலர் அங்கே தேடிப் பார்ப்பதில்லை. தச்சருக்கு அரை மணி நேர வேலை. கதவையொட்டிச் சுவரின் நிறத்திலேயே ஒரு திரையைத் தொங்கவிட்டால் வாசல் கண்ணில் படாமல் போகும். வாசலுக்கு எதிரே செருப்பு, குடை, கைப்பை, வண்டிச் சாவி, மஞ்சள் பை ஆகியவற்றைப் பார்வையில் படும்படி வைக்கக் கூடாது. செருப்பைப் பார்த்ததுமே புறப்பட வேண்டும் என்று தோன்றிவிடும்.

கதவு திறக்கும்போது ஒலி எழுப்பும் காந்த சென்சார் அலாரங்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஒரு துண்டைக் கதவிலும் மற்றொன்றை நிலையிலும் ஒட்ட வேண்டும்; இரண்டும் விலகியதும் ஒலிக்கும். அலறும் ஒலி அவரை மிரள வைக்கும் என்பதால், காவலிருப்பவரின் அறையில் மட்டும் மணியடிக்கும் வகையைத் தேடி வாங்குவது நல்லது. அது முடியாதபோது பூஜை மணியைப் போன்ற கனமான மணிச்சரத்தைக் கதவில் கட்டினாலும் போதும். முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுக் கொல்லைக் கதவையும் மாடிப்படிக் கதவையும் மறந்துவிடக் கூடாது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி, தரைமட்டத் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகிய மூன்றும் கட்டாயம்.

அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கூலி வேலையை விட முடியாமல் செய்கிறார்கள். என்றாலும் இதைச் செய்யவே கூடாது. தீப்பிடித்தால், எரிவாயு கசிந்தால், விழுந்து எலும்பு முறிந்தால், அவரால் வெளியே வரவும் முடியாது, யாரையும் அழைக்கவும் முடியாது. பூட்டு எப்போதும் உள்ளே இன்னொருவர் இருக்கும்போது மட்டுமே இருக்க வேண்டும். அதன் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடனிருக்க ஆளில்லாத நேரங்களுக்கு உறவினர், பக்கத்து வீட்டார், பகல்நேரக் காப்பகம், சம்பளத்துக்கு ஒரு துணையாள் என்று எதையாவது ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். முதியோர் உதவி எண் 14567 தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. அருகிலுள்ள காப்பகங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பராமரிப்பவர்களுக்கு அது வழிகாட்டுகிறது.

உடலோடு இருக்கும் அடையாளம்

சட்டைப் பையில் வைக்கும் முகவரிச் சீட்டு நிலைக்காது. அவரே எடுத்துப் போட்டுவிடுவார். கழற்ற முடியாததும் உறுத்தாததுமே பயன் தரும். எஃகிலோ வெள்ளியிலோ ஒரு சிறு தகடு செய்து, "ஞாபக மறதி உண்டு, அழைக்கவும்" என்ற சொற்களையும் இரண்டு கைப்பேசி எண்களையும் பொறித்து, அம்மாவுக்கு வளையலிலும் அப்பாவுக்கு அரைஞாண் கயிற்றிலோ கைக்காப்பிலோ கோக்கலாம். அரைஞாண் கயிற்றில் இருப்பது வெளியே தெரியாது என்பதால், அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும்: சலவைக்காரர் குறியிடப் பயன்படுத்தும் அழியாத மையால் சட்டைக் காலரின் உட்புறத்திலும், ரவிக்கையின் பின்கழுத்து உட்புறத்திலும், வேட்டி, புடவை ஓரத்திலும் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். வீட்டில் உடுத்தும் எல்லாத் துணிகளிலும் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் வெளியேறும் நாளில் எதை உடுத்தியிருப்பார் என்று நமக்குத் தெரியாது. வீட்டு முகவரியைத் துணியிலும் தகட்டிலும் எழுத வேண்டியதில்லை. இரண்டு எண்களும் எந்த நேரமும் எடுக்கப்படும் எண்களாக இருக்க வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காத பழக்கம் இருந்தால், அந்தப் பழக்கத்தை இனி விட்டுவிட வேண்டும்.

கியூஆர் குறியீடு பொறித்த பதக்கங்களும் விற்கின்றன. தெருவில் அவரைக் காணும் பூ விற்கும் அம்மாளோ சாலைப் பணியாளரோ அதை ஸ்கேன் செய்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கண்ணால் படிக்கக்கூடிய எண்ணே முதன்மையானது; குறியீடு கூடுதலாக இருக்கலாம்.

ஜிபிஎஸ் கருவி வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பேட்டரி எத்தனை நாள் தாங்கும், அதைத் தினமும் சார்ஜ் செய்யப்போவது யார், உங்கள் பகுதியில் எந்த சிம் எடுக்கும் என்பவை அவை. விலை குறைந்த பல கருவிகள் 2ஜி அலைவரிசையில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது என்பதால் அந்த சிம் அவற்றில் வேலை செய்யாது. சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்ற சிறு பட்டன்களில் ஜிபிஎஸ் இல்லை; அருகில் கடந்து செல்லும் பிறருடைய போன்கள் மூலமாகத்தான் அவை இடத்தைச் சொல்லும். நகரத்துக் கடைவீதியில் அது உதவும். வயல்வெளியிலும் கண்மாய்க்கரையிலும் உதவாது. எந்தக் கருவியையும் கழுத்தில் தொங்கவிட்டால் கழற்றி வைத்துவிடுவார். கைக்கடிகாரம் கட்டிப் பழகியவருக்குக் கடிகார வடிவமும், பழகாதவருக்கு உள்பையில் தைத்து வைப்பதும் பொருந்தும். தங்க நகைகளைப் பொறுத்தவரை கடுமையாகவே சொல்கிறேன்: அவற்றைக் கழற்றிவிட்டுக் கவரிங் போட்டுவிடுங்கள். தனியே நடக்கும் மூதாட்டியின் கழுத்தில் தங்கம் இருப்பது அவர் உயிருக்கே ஆபத்து.

தெருவுக்குச் சொல்லிவைத்தல்

இத்தனை ஏற்பாடுகளிலும் செலவே இல்லாததும், பலரும் செய்யத் தயங்குவதும் இதுதான். அம்மாவுக்கு "மூளை சரியில்லை" என்று பேசுவார்களே, வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களே என்று மறைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த மறைப்பின் விலையை, அவர் காணாமல் போகும் நாளில் குடும்பம் மொத்தமாகக் கொடுக்க நேரிடும். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் இஸ்திரி வண்டிக்காரர் உங்கள் அப்பா போவதைப் பார்த்திருப்பார்; எங்கோ கடைக்குப் போகிறார் என்று சும்மா இருந்திருப்பார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த நிமிடமே உங்களை அழைத்திருப்பார்.

ஆகவே ஒரு மாலை நேரத்தில், பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், பால்காரர், மளிகைக் கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கோவில் குருக்கள் அல்லது பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர் ஆகியோரைச் சந்தியுங்கள். அடுக்ககமாக இருந்தால் காவலாளிகளுக்குப் படம் கொடுத்து, பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் தனித்தனியே சொல்லுங்கள். புதிய காவலாளி வரும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதும் முக்கியம். "அப்பாவுக்கு ஞாபக மறதி இருக்கு. தனியாப் பார்த்தீங்கன்னா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, சத்தம் போடாதீங்க. எதிரில் வந்து வணக்கம் சொல்லி, பேச்சுக் கொடுத்து, உட்கார வெச்சுத் தண்ணி கொடுங்க. உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று சொன்னால் போதும். பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினால் அவர் பயந்து தள்ளிவிடவோ சாலையில் ஓடவோ கூடும்.

அம்மாவை வைத்துப் பராமரிப்பவர்கள் நகரப் பேருந்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எத்தனையோ பெண்களுக்கு வாழ்வளிக்கும் நல்ல திட்டம் அது. ஆனால் கையில் ஒரு ரூபாய்கூட இல்லாத ஒரு மறதி நோயாளியும் வாசலில் நின்ற பேருந்தில் ஏறி, யாரும் எதுவும் கேட்காமலேயே, இருபது கிலோமீட்டர் தள்ளிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கிவிட முடியும் என்பதையும் அதனோடு சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் நிறுத்தத்தின் வழியாகப் போகும் பேருந்துகளின் தட எண்களையும், அவை எங்கே போய் முடிகின்றன என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்துக்கு எதிரிலுள்ள கடைக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்றே தயார் செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு. அண்மையில் எடுத்த இரண்டு படங்கள், ஒன்று முகம், ஒன்று முழு உருவம், வீட்டில் சாதாரணமாக இருக்கும் கோலத்தில் எடுத்தவை, குடும்பத்தார் எல்லோருடைய போனிலும் இருக்க வேண்டும். அறுபதாம் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்த படம் தேடுபவருக்கு உதவாது. உயரம், மச்சம், தழும்பு போன்ற அங்க அடையாளங்கள், பேசும் மொழி, எந்தப் பெயரிட்டு அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு வாழ்ந்த வீடுகள், வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போன கோவில், வங்கி, உறவினர் வீடு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் உடை மாற்றியதும் ஒரு படம் எடுப்பதை வழக்கமாக்கிவிட்டால், "என்ன கலர் சட்டை?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் தடுமாற வேண்டியிருக்காது.

காணவில்லை என்று தெரிந்ததும்

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்: கழிவறை, கதவிடுக்கு, கட்டிலுக்கு அடியில், மொட்டை மாடி, கார் ஷெட், கொல்லைப்புறம், கிணறு, தொட்டி. இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும்; அவரே திரும்பி வரலாம். தகட்டில் உள்ள எண்ணுக்குரிய போனில் வேறு யாருடனும் பேசாமல், அதைக் காலியாக வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போகட்டும்.

அருகில் நீர்நிலை, ரயில் தண்டவாளம், நெடுஞ்சாலை எது இருந்தாலும் முதல் ஆளை அங்கே அனுப்புங்கள். அவர் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். ஆனால் அடுத்த தெருவில் இருப்பவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, குளத்தங்கரையில் நிற்பவருக்கு இல்லை. மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதும், எதிரே ஏதாவது தடுக்கும்வரை நேராக நடந்துகொண்டே போவார்கள் என்பதும் தேடுதல் பணியில் இருப்பவர்கள் அறிந்தவை. முள்வேலி, கருவேலப் புதர், கால்வாய், கட்டி முடிக்காத கட்டடம், காலி மனை ஆகிய இடங்களில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். பெயர் சொல்லிக் கத்தினாலும் பதில் குரல் கொடுக்க மாட்டார்கள், உதவி கேட்கவும் மாட்டார்கள். ஆகவே கூப்பிட்டுக்கொண்டே கடந்து போகாமல், வண்டியை நிறுத்தி இறங்கி, புதருக்குள்ளும் சுவருக்குப் பின்னாலும் கண்ணால் பார்த்துத் தேட வேண்டும். அண்மையில் அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த இடம் எதுவோ அங்கேயும் ஒருவரை அனுப்புங்கள்.

பதினைந்து நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் 112-ஐ அழையுங்கள். ஒருவர் நேரில் காவல் நிலையத்துக்குச் செல்லட்டும். காணாமல் போய் 24 மணி நேரம் ஆன பிறகே புகார் வாங்குவார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. "வயதானவர், மறதி நோய் உள்ளவர், தானாக வீடு திரும்ப முடியாதவர், இந்த மருந்தை இத்தனை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, முன்பே எழுதி வைத்த தாளையும் மருத்துவரின் சீட்டையும் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையோ, குறைந்தது மனு ஏற்பு ரசீதையோ வாங்காமல் திரும்பக் கூடாது. நிலையத்தில் தயங்கினால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைப் பணிவாக நினைவூட்டலாம். நினைவாற்றலையும் இடம், காலம் அறியும் திறனையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது; அப்படிப்பட்டவர் ஆதரவின்றித் திரிவதைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து, காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. இதனால் இன்னொரு பயனும் உண்டு: வேறு ஊரில் வேறு நிலையத்தார் அவரை மீட்டு அரசு மனநலப் பிரிவிலோ மீட்பு மையத்திலோ சேர்த்திருக்கக்கூடும். ஒரு நாளைக்கு மேல் ஆகிவிட்டால், அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் அப்படிப்பட்ட மையங்களைக் கேட்க வேண்டும். சென்னையாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் கேட்க வேண்டும்.

அதே நேரத்தில் பேருந்து நிலைய நேரக்காப்பாளரிடம் படத்தைக் கொடுத்து, குறித்து வைத்த தடங்களின் ஓட்டுநர், நடத்துநர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ரயில் நிலையம் அருகில் இருந்தால் 139-இல் தெரிவியுங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பெயர் தெரியாத முதியவர் யாரையாவது 108 வண்டி கொண்டு வந்து சேர்த்ததா என்றும் விசாரியுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடும் செய்தியில் தேதியும் நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். தேதியில்லாத செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். முழுப்பெயர், வயது, எங்கிருந்து எப்போது கிளம்பினார், என்ன நிற உடை, மறதி நோய் உண்டு, பார்த்தால் உட்கார வைத்து அழைக்கவும், இரண்டு எண்கள், காவல் நிலையத்தின் பெயர் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். செய்தி பரவியதும் "உங்கள் அப்பா என்னிடம்தான் இருக்கிறார், வண்டிச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால், வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. அவர் கிடைத்ததும் "கிடைத்துவிட்டார்" என்ற செய்தியை அதே குழுக்களில் போட்டு, காவல் நிலையத்திலும் தெரிவித்துப் புகாரை முடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் கிடைத்த பிறகு

"எங்கே போனீங்க? எத்தனை பேர் தேடுறோம் தெரியுமா?" என்று நம் பயமெல்லாம் கோபமாகக் கொட்டும் நேரம் அது. அவருக்கோ எங்கே போனோம் என்பதே நினைவில் இருக்காது. நம் முகத்திலுள்ள கோபம் மட்டும் மனத்தில் தங்கி, வீடு பாதுகாப்பான இடமில்லை என்ற எண்ணத்தை உண்டாக்கி, மறுபடியும் வாசலைத் தேட வைக்கும். "வாங்கப்பா, சாப்பிடலாம்" என்று இயல்பாக அழைத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து, உள்ளங்கால்களைப் பாருங்கள். கத்திரி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் கொப்புளம் இருக்கும். சர்க்கரை நோயும் இருந்தால் அந்த எரிச்சலை அவர் உணர்ந்திருக்கவே மாட்டார். தலையில் அடிபட்ட தடயம், வீக்கம், அசாதாரணமான தூக்கக் கலக்கம், உடல் கொதிப்பு எதையேனும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரு முறை வெளியேறியவர் மறுபடியும் வெளியேறுவார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவே, அவர் உறங்கிய பிறகு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து எந்தக் கதவு, எந்த நேரம், யார் உடனிருந்தார், எங்கே கிடைத்தார் என்று எழுதுங்கள். கிடைத்த இடத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் மறுநாள் சென்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் அடுத்த முறையும் அதே வழியில் போவதற்கு வாய்ப்பு அதிகம். யாருடைய காவல் நேரத்தில் நடந்தது என்று குற்றம் சாட்டுவதைக் குடும்பத்தில் யாரும் செய்யக் கூடாது. இரவும் பகலும் ஒரே மருமகளோ ஒரே மகளோ விழித்திருந்து எந்த மறதி நோயாளியையும் காக்க முடியாது. பார்த்துக்கொள்பவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று அன்றைக்கே கேட்டு, இரவுக் காவலை அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்குள் கிழமை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இரவுத் துணையாளின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.